ஒரு சாண் இடைவெளி: சண்டை விளையாட்டில் நியூட்ரலைப் பிடிக்கும் வழி

சென்ற மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, வில்லாபுரத்தில் எங்கள் வீட்டுக்கு வந்த அண்ணன் மகன், ஒரு வாரமாக உட்கார்ந்து பழகிய நீண்ட காம்போ ஒன்றை, அதாவது இடைவிடாமல் தொடர்ந்து விழும் அடிகளின் வரிசையை, காட்டுவதாகச் சொல்லி வீடியோ கேம் கன்ட்ரோலரைக் கையில் எடுத்தான். பயிற்சி அறையில் நிற்கும் பொம்மையின் மீது ஐந்து முறை பிசகாமல் அடித்தும் காட்டினான். பிறகு இருவரும் ஏழு ஆட்டங்கள் ஆடினோம். ஏழிலும் அந்தக் காம்போவின் முதல் அடி என் மேல் விழவேயில்லை. "சித்தப்பா, நீங்கள் ஒன்றுமே செய்யவில்லை. பிறகு எப்படி நான் தோற்கிறேன்?" என்று கேட்டான்.

சுவரில் தொங்கிய நாட்காட்டியிலிருந்து முந்தின நாள் தாளைக் கிழித்தேன். மூன்றாவது ஆட்டத்தின் பதிவை மீண்டும் ஓடவிட்டு, அவன் அடித்து என் மேல் படாமல் காற்றில் போன ஒவ்வோர் அடிக்கும் தாளின் பின்பக்கம் ஒரு கோடு போட்டேன். ஆட்டம் முடிந்தபோது 31 கோடுகள் இருந்தன. அவற்றில் ஒன்பது இடங்களில், அவன் கால் காற்றில் நீண்டிருந்தபோதே நான் அடித்திருந்தேன். நான் ஒன்றும் செய்யவில்லை என்று அவனுக்குத் தோன்றியதற்குக் காரணம், என் ஆட்டத்தில் பெரும்பகுதி நடப்பதும் நிற்பதும்தான்.

சண்டை விளையாட்டுக்குப் புதிதாக வருபவர்கள் எல்லோருமே இந்தப் பையன் நின்ற இடத்தில்தான் வந்து நிற்கிறார்கள். நானும் அப்படித்தான் நின்றேன். மணிக்கு இத்தனை ரூபாய் என்று பிளேஸ்டேஷனை வாடகைக்கு விட்ட கடையில் டெக்கன் 3 ஆடி வளர்ந்தவன் நான். எடி கோர்டோ என்ற பாத்திரத்தைத் தேர்ந்தெடுத்து, உதை பட்டன்கள் இரண்டையும் கண்ணை மூடிக்கொண்டு தட்டினால் ஜெயித்துவிடலாம் என்பதே அன்றைக்கு எங்களுக்குத் தெரிந்த ஒரே தத்துவம். அதை மறக்க எனக்குப் பல வருடங்கள் பிடித்தன.

இனி வரும் உதாரணங்களுக்கு 2023இல் வெளிவந்த ஸ்ட்ரீட் ஃபைட்டர் 6 ஆட்டத்தையும் அதில் ரியு என்ற பாத்திரத்தையும் எடுத்துக்கொள்கிறேன். ரியுவிடம் எல்லாம் அளவோடு இருப்பதால், பாடம் படிக்க ஏற்ற ஆள். நான்கு சொற்களை முதலில் தெரிந்துகொண்டால் போதும். இருவரும் எழுந்து நிற்கிறார்கள், யாரும் அடி வாங்கிக்கொண்டிருக்கவில்லை, யாரும் தடுப்பில் சிக்கியிருக்கவில்லை, அடுத்து என்ன செய்வது என்பது இருவர் கையிலும் சமமாக இருக்கிறது என்றால் அந்த நிலைக்கு நியூட்ரல் என்று பெயர். அந்த நேரத்தில் தூரத்திலிருந்து நீட்டும், ஆபத்துக் குறைந்த ஒற்றை அடியை ஆட்டக்காரர்கள் போக் என்பார்கள். நான் சீண்டல் என்கிறேன். எட்டாமல் காற்றில் போகும் அடி வீண் அடி. நேரத்தை அளக்கும் அலகு ஃபிரேம். ஒரு நொடிக்கு 60 ஃபிரேம்கள்.

காம்போ என்பது நியூட்ரலில் வென்றவனுக்குக் கிடைக்கும் கூலி. எங்கள் பையன் வேலைக்குப் போகாமலேயே கூலியை எண்ணிக்கொண்டிருந்தான்.

முதலில் கம்பை அளந்துகொள்ளுங்கள்

சிலம்பம் கற்கப் போகிறவருக்கு முதல் நாளே கம்பைச் சுழற்றக் கொடுத்துவிட மாட்டார்கள். காலடிதான் முதல் பாடம். கம்பு வந்த பிறகும், அதன் நுனி எங்கே போய் நிற்கிறது என்பது உடம்புக்குத் தெரியும்வரை எதிராளி வருவதில்லை. இங்கேயும் அதே வரிசைதான்.

பயிற்சி அறையைத் திறந்து பொம்மையை அசையாமல் நிறுத்துங்கள். தரையில் கட்டங்கள் இருக்கும். அவைதான் உங்கள் அளவுகோல். தூரத்தில் நின்று, உட்கார்ந்தபடி நடு உதையைப் போடுங்கள் (வலிமையில் சிறு, நடு, கனம் என்று மூன்று அளவு உண்டு). படாது. இம்மி முன்னால் நகர்ந்து மறுபடி போடுங்கள். கால் நுனி பொம்மையின் பாதத்தைத் தொட்டதும் நின்று, கட்டங்களை எண்ணி அந்தத் தூரத்தை மனத்தில் பதியுங்கள். பிறகு பின்னால் போய்விட்டு, நடந்து வந்து, எண்ணாமல் அதே இடத்தில் நிற்கப் பாருங்கள். பத்துக்கு எட்டு முறை சரியாக நிற்க முடிகிறவரை வேறெதுவும் வேண்டாம். எனக்கு இது மூன்று மாலைகள் எடுத்தது. சலிப்பான வேலைதான், ஒப்புக்கொள்கிறேன்.

உட்கார்ந்து போடும் சிறு குத்து, நின்று போடும் கன உதை, காலை வாரும் உதை ஆகிய மூன்றையும் இதேபோல அளந்துகொள்ளுங்கள். அளக்கும்போதே ஒன்றைக் கவனியுங்கள்: நீங்கள் காலை நீட்டும்போது, அடிபடக்கூடிய உங்கள் உடம்பும் அந்தக் காலோடு சேர்ந்து நீளுகிறது. உங்கள் உடம்பை எட்ட முடியாத தூரத்தில் நிற்கும் எதிராளியால், நீட்டிய காலை எட்ட முடியும். வீண் அடி ஏன் இவ்வளவு விலை கேட்கிறது என்பதற்கான விடை இங்கேதான் இருக்கிறது. ஸ்ட்ரீட் ஃபைட்டர் 6இல் அந்த விலை இன்னும் கூடுதல். வீண் அடி திரும்பும் வேளையில் வாங்கும் அடிக்குச் சேதம் 20 சதவீதம் அதிகம். மேலும் அடுத்த அசைவுக்கு நான்கு ஃபிரேம்கள் கூடுதல் முன்னிலையும் அடித்தவன் பக்கம் போய்ச் சேரும்.

நிற்கும் இடம்

உங்கள் அளவு தெரிந்த பிறகு எதிராளியின் அளவு. அவருடைய மிக நீளமான சீண்டல் எது, அது எங்கே முடிகிறது என்று பாருங்கள். அந்த முடிவுக்கு ஒரு சாண் வெளியே நில்லுங்கள். ஒரு முழம் தள்ளி நின்றால், அவர் தவறு செய்தாலும் உங்களால் போய்ச் சேர முடியாது. உள்ளே நின்றால் எதை வேண்டுமானாலும் வாங்கிக்கொள்வீர்கள். அந்த ஒரு சாண்தான் உங்கள் கடை. அங்கே உட்கார்ந்துதான் வியாபாரம் செய்ய வேண்டும்.

எதிராளி அசையாமல் நிற்கப் போவதில்லை. அதனால் அந்தச் சாணும் அவரோடு நகரும், நீங்களும் நகர வேண்டும். குட்டிக் குட்டியாக முன்னும் பின்னும் நடங்கள். பின்னால் நடப்பது இலவசமல்ல என்பதையும் நினைவில் வையுங்கள். திரைக்கு ஒரு முடிவு இருக்கிறது. மூலையில் முதுகு ஒட்டிவிட்டால், பின்வாங்கி வீண் அடியை வரவழைக்கும் வித்தை செல்லாது. ஆட்டத்தின் தொடக்கத்தில் உங்களுக்குப் பின்னால் இருக்கும் இடத்தைக் கைச்செலவுக் காசாகப் பாருங்கள். நான்கு அடி பின்வாங்கினால், ஒரு சீண்டலாவது வென்று இரண்டடி திரும்பச் சம்பாதிக்க வேண்டும்.

ஆளுக்கு ஆள் கணக்கு மாறும். தால்சிமின் கை திரையில் பாதியைக் கடந்து நீளும். 1991இல் ஸ்ட்ரீட் ஃபைட்டர் 2இல் இந்தியாவின் சார்பில் வந்தவர் அவர். கழுத்தில் மண்டையோட்டு மாலை, வாயில் யோகா, நெருப்பு. நம்மை எப்படிப் பார்த்திருக்கிறார்கள் என்று நினைத்துச் சிரித்துக்கொள்ளலாம், ஆனால் கையின் நீளத்தைப் பார்த்துச் சிரிக்க முடியாது. அவரிடம் நீளப் போட்டிக்குப் போகாமல், தடுத்துக்கொண்டே அங்குலம் அங்குலமாக உள்ளே போக வேண்டும். ஜாங்கீஃப் எதிரே இருந்தால் நேர்மாறு. அவர் பிடித்துத் தூக்கி அடிப்பவர், நீங்கள் தூரத்தைக் காப்பவர்.

எந்த அடி எதற்கு

ரியுவின் உட்கார்ந்து போடும் சிறு குத்து 4 ஃபிரேமில் வெளியே வரும். குட்டையானது. உள்ளே நுழைந்துவிட்டவரைத் தட்டி நிறுத்துவதற்கு அது. உட்கார்ந்து போடும் நடு உதை 8 ஃபிரேம். நியூட்ரலில் உங்கள் சோறு அதுதான். நுனியில் போட்டால், எதிராளி தடுத்தாலும் கணக்கு அதிகம் கெடாது, பட்ட உடனே ஹடோக்கனாக, அதாவது கையிலிருந்து எறியும் ஆற்றல் பந்தாக, மாற்றிவிடவும் முடியும். கன உதை நீளமானது, ஆனால் மெதுவாகப் போய் மெதுவாகத் திரும்பும். காலை வாரும் உதை விழவைக்கும். எதிராளி தடுத்துவிட்டாலோ உங்களுக்குத்தான் அடி. புதியவர்கள் இந்த வாரும் உதையை மீன் குழம்பில் புளி ஊற்றுவதுபோல ஊற்றுகிறார்கள். ஒரு சுற்றுக்கு இரண்டு முறை போதும்.

மூன்று செயல்கள் ஒன்றை ஒன்று விழுங்கும். முன்னால் நடந்து வருபவரைச் சீண்டல் நிறுத்தும். சீண்டுபவரை, எட்டாமல் விலகி நின்று வீண் அடியாக்கி அடிப்பவர் வெல்வார். அப்படிக் காத்து நிற்பவரை, நடந்து போய் நெருங்குபவர் வெல்வார், ஏனென்றால் காத்திருப்பவர் எதையும் நீட்டுவதில்லை. நியூட்ரலில் நடக்கும் எல்லாமே இந்த வட்டத்தின் ஏதோ ஒரு துண்டு.

இதில் கண்ணுக்கு எவ்வளவு வேலை, ஊகத்துக்கு எவ்வளவு வேலை என்பதையும் தெளிவாக்கிக்கொள்ளுங்கள். கண்ணால் பார்த்து விரல் அசைவதற்குச் சாதாரண மனிதருக்குக் கால் நொடி ஆகும்; அதாவது 15 ஃபிரேம் அளவு. 8 ஃபிரேமில் வரும் உதையைப் பார்த்துத் தடுக்க யாராலும் முடியாது. அதனால் சீண்டலை எதிராளி இப்போது நிற்கும் இடத்தைப் பார்த்துப் போடாதீர்கள். அவர் அடுத்துக் கால் வைக்கப் போகும் இடத்தில் போடுங்கள். அவரே நடந்து வந்து உங்கள் கால் நுனியில் முட்டிக்கொள்வார். மறுபக்கம், கன உதை போய்த் திரும்ப அரை நொடிக்கு மேல் ஆகும். அது வீணாவதைக் கண்ணால் பார்த்தே தண்டிக்கலாம், நீங்கள் அந்த ஒரு சாண் தூரத்தில் நின்றிருந்தால். கை வேகமானவர்கள்தான் இதைச் செய்ய முடியும் என்று பலர் நினைக்கிறார்கள். சரியான இடத்தில் நிற்பவருக்குச் சாதாரணக் கையே போதும்.

தாளத்தை உடையுங்கள்

இதுவரை சொன்னதை ஒரு மாதத்தில் பழகிவிடலாம். இனிச் சொல்வதைத்தான் நான் இன்னும் பழகிக்கொண்டிருக்கிறேன்.

தை மாதத்தில் அவனியாபுரத்திலோ பாலமேட்டிலோ அலங்காநல்லூரிலோ வாடிவாசலைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். பல காளைகள் வாசலைத் தாண்டியதும் நேராக ஓட்டமெடுத்துவிடும். சில காளைகள் நின்று விளையாடும். தலையைத் தாழ்த்தும், மண்ணைக் கிளறும், இரண்டடி முன்னால் வந்து நிற்கும், சட்டென்று இடப்பக்கம் திரும்பும், பிறகு சும்மா நிற்கும். அதைச் சுற்றி ஒரு வட்டம் தானாக உண்டாகிவிடும். கோடு எதுவும் கிழிக்காமலே, அத்தனை வீரர்களும் அந்த வட்டத்துக்கு வெளியே நிற்பார்கள். அந்த வட்டம் கொம்பின் நீளத்தைவிடப் பெரியது. கொம்பு எங்கே வரக்கூடும் என்று வீரர்கள் அஞ்சும் தூரம்தான் அதன் அளவு. காளை மூன்று முறை ஒரே மாதிரி, ஒரே இடைவெளியில் திரும்பட்டும், நான்காவது முறை யாராவது ஒருவர் திமிலைப் பிடித்திருப்பார்.

உங்கள் சீண்டலும் அப்படித்தான் வேலை செய்கிறது. படுகிற அடியைவிட, வரக்கூடும் என்று எதிராளி நினைக்கிற அடிதான் அதிக இடத்தைப் பிடித்துத் தரும். அந்த நினைப்பு நீடிக்க வேண்டுமானால், எப்போது, எங்கே, எது வரும் என்பது அவருக்குப் பிடிபடக் கூடாது.

எங்கள் பையனின் பதிவுக்குத் திரும்புகிறேன். இரண்டாவது சுற்றில் பத்து நொடிகளை மெதுவாக ஓட்டிப் பார்த்தோம். இரண்டடி நடக்கிறான், நடு உதை. ஓரடி பின்னால். இரண்டடி நடக்கிறான், நடு உதை. ஓரடி பின்னால். தவில்காரரின் கைபோலப் பிசகாத தாளம். மூன்றாம் முறை அவன் இரண்டாவது அடி வைக்கும்போதே நான் பின்னால் சாய்ந்துவிட்டேன். உதை வீணானது, அதே இடத்தில் என் உதை, தொடர்ந்து ஹடோக்கன். "நான் உதைப்பேன் என்று முன்பே தெரிந்ததா?" என்றான். அவன்தான் இரண்டு முறை அறிவித்துவிட்டானே.

இதற்கு மருந்து நான்கு வகையில் இருக்கிறது. முதலாவது நேரம். அதே இரண்டடி, அதே உதை, ஆனால் கண் இமைக்கும் நேரம் தாமதித்து. பின்வாங்கி வீண் அடியை எதிர்பார்த்தவர், ஒன்றும் வராததால் மறுபடி முன்னால் வருவார். அப்போது உதை அவர் முழங்காலில் போய் நிற்கும். இரண்டாவது தூரம். ஒரு முறை நுனியில் போட்டதை அடுத்த முறை ஓரடி உள்ளே போய்ப் போடுங்கள். மூன்றாவது, அடியின் வகை. நடு உதைக்குக் காத்திருப்பவரிடம் நீளமான கன உதை, அதற்குப் பயந்து கையைக் கட்டிக்கொண்டு தடுப்பவரிடம் பிடித்து எறிதல். எறிதல் 5 ஃபிரேமில் வரும், தடுப்பால் அதை நிறுத்த முடியாது.

நான்காவதுதான் யாரும் பழகாதது: ஒன்றும் செய்யாமல் இருப்பது. உதைக்கும் தூரம்வரை நடந்து போய், நின்று, தடுப்பைப் பிடியுங்கள். அவ்வளவுதான். உங்கள் உதை வரும் என்று நம்பிய எதிராளி தன் எதிர் உதையை நீட்டுவார். அது உங்கள் தடுப்பில் விழும். நீங்கள் அரை அடி பின்னால் நகர்ந்திருந்தால் காற்றில் விழும். பத்து முறை நெருங்கினால் மூன்று முறையாவது வெறுங்கையோடு நில்லுங்கள். விரல் கேட்காது, பட்டனைத் தட்டவே போகும். அதை அடக்குவதற்கு மற்ற எல்லாவற்றையும்விட அதிக நாள் ஆகும்.

வேறுபாடு என்றால் கண்டபடி அடிப்பது என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். ஒரு சீண்டல் வேலை செய்கிறவரை அதையே செய்யுங்கள்; எதிராளி அதற்கு மாற்று கண்டுபிடித்தது தெரிந்ததும் மாறுங்கள். அவர் மாறாமலிருக்கும்போது நீங்கள் மட்டும் மாறிக்கொண்டிருந்தால், கிடைத்த கோழியை விட்டுவிட்டுக் கொக்கைத் துரத்தும் கதையாகிவிடும்.

தரையை இழந்தவர் என்ன செய்வார்

தரையில் வழி இல்லை என்றானதும் எதிராளி குதிப்பார். நல்ல அறிகுறி இது. குதித்து இறங்க ஏறத்தாழ முக்கால் நொடி ஆகும், பார்த்து அடிக்க நேரம் உண்டு. உட்கார்ந்து மேல்நோக்கிப் போடும் கனக் குத்து அல்லது ஷோர்யுக்கன் என்னும், எகிறி மேலே போகும் குத்து. ஆனால் நீங்கள் ஒரு சீண்டலின் நடுவில் இருந்தால் இரண்டும் வராது. அளவோடு சீண்டச் சொல்வதற்கு இது இன்னொரு காரணம்.

இந்த ஆட்டத்தில் இன்னொரு வழியும் இருக்கிறது: டிரைவ் இம்பாக்ட். உங்கள் அடிகள் இரண்டை வாங்கிக்கொண்டே முன்னால் பாயும் தாக்குதல் அது. வெளியே வர 26 ஃபிரேம். சோம்பேறித்தனமாகக் கன உதையை நீட்டிக்கொண்டிருப்பவரைப் பிடிக்கவே வைத்திருக்கிறார்கள். சாயம் தெறிப்பதுபோல ஒளி தெரிந்ததும் பதிலுக்கு நீங்களும் அதையே போட்டுவிடுங்கள்.

டெக்கன் ஆடுபவர்களுக்கு

2024இல் வந்த டெக்கன் 8 ஆடுபவர்களுக்கும் பாடம் இதுதான், உடுப்பு மட்டும் வேறு. அங்கே விரைவான குத்து 10 ஃபிரேம், ஆனால் உயரத்தில் வருவதால் குனிந்தால் தலைக்கு மேலே போய்விடும். குனிபவரை நடு உயரச் சீண்டல் பிடிக்கும். நின்று தடுப்பவரைத் தாழ்ந்த உதை பிடிக்கும். இந்த மூன்றையும் கலந்து போடுவதே சீண்டல் கலை. பக்கவாட்டில் விலக முடியும் என்பதால், ஒரே நேர்கோட்டில் போகும் அடிகளை மட்டும் நம்பிவிடக் கூடாது. பின்னால் வேகமாக நழுவும் அசைவைப் பழகுங்கள். வீண் அடியை வரவழைக்கும் கருவி அதுதான். லாகூரைச் சேர்ந்த ஆட்டக்காரர் அர்ஸ்லான் ஆஷ் 2019இல் ஜப்பானில் நடந்த ஈவோ என்ற சண்டை விளையாட்டுப் போட்டியையும் அமெரிக்காவில் நடந்த ஈவோவையும் ஒரே ஆண்டில் டெக்கன் 7இல் வென்றார். அந்த ஆட்டங்களைத் தேடிப் பாருங்கள். அவர் நகர்ந்து நகர்ந்து, எதிராளியின் அடியைக் காற்றில் விடவைப்பதை மட்டும் கவனித்தால் போதும்.

பயிற்சி

முதல் வாரம் அளவு மட்டும். நாளுக்கு இருபது நிமிடம்.

இரண்டாம் வாரம் பொம்மைக்கு உயிர் கொடுங்கள். பயிற்சி அறையில் அதன் அசைவுகளைப் பதிவுசெய்யலாம். ஒரு பதிவில் நடந்து வந்து கன உதை. இன்னொன்றில் நடந்து வந்து சும்மா நிற்பது. மூன்றாவதில் நடந்து வந்து பின்வாங்குவது. மூன்றையும் மாறி மாறி, எது வரும் என்று தெரியாதபடி ஓடவிடுங்கள். கன உதை வீணாகும்போது மட்டும் அடியுங்கள். மற்ற இரண்டுக்கும் கை அசையக் கூடாது. முதல் நாள் எல்லாவற்றுக்கும் அசையும்.

பிறகு ஒரு நண்பரைக் கூப்பிட்டு உட்காரவையுங்கள். குதிக்கக் கூடாது, காம்போ கூடாது, ஒற்றை அடி மட்டும் என்று விதி வைத்துப் பத்துச் சுற்று ஆடுங்கள். ஆள் கிடைக்காவிட்டால் இணையம். அங்கே வைஃபையை நம்பாமல் கேபிளைச் செருகுங்கள். இணைப்பு தடுமாறும்போது இந்த ஆட்டம் ஃபிரேம்களைப் பின்னோக்கித் திருத்தி ஒட்டவைக்கும். எதிராளியின் உதை தொடங்குவதே உங்களுக்குத் தெரியாமல் திடீரென்று பாதியில் தோன்றும். அப்படிப்பட்ட இணைப்பில் வீண் அடியைப் பார்த்துத் தண்டிக்க முயல வேண்டாம். முன்கூட்டி வைக்கும் குட்டைச் சீண்டல்களோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

வாரத்துக்கு ஒரு தோற்ற ஆட்டத்தை எடுத்து, நாட்காட்டித் தாளில் கோடு போடுங்கள். வீண் அடி எத்தனை, அதில் தண்டனை வாங்கியது எத்தனை, ஒரே தாளத்தில் மூன்று முறை செய்தது எது. வென்ற ஆட்டத்தைப் பார்க்காதீர்கள், அது உங்களைப் புகழ மட்டும்தான் செய்யும்.

போன ஞாயிறு பையன் மறுபடி வந்தான். ஐந்து ஆட்டத்தில் இரண்டை எடுத்துவிட்டான். காம்போவை ஒரே ஒரு முறைதான் போட்டான், அது முழுதாகவும் வரவில்லை. ஆட்டம் முடிந்ததும், யாரும் சொல்லாமலே எழுந்து போய் நாட்காட்டித் தாளைக் கிழித்துக்கொண்டு வந்து பதிவை ஓட்டினான். இந்த முறை அவன் எண்ணியது என் கோடுகளை. பதினேழு. "சித்தப்பா, ஒவ்வொரு ஹடோக்கனுக்குப் பிறகும் நீங்கள் ஓரடி முன்னால் வந்து கன உதை போடுகிறீர்கள்" என்றான். நான் மறுத்தேன். மறுபடி ஓட்டிக் காட்டினான். ஆறுக்கு ஆறு.